முள்ளுக் கடிவாளம்

மாசானத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது குதிரை வண்டிப் பந்தய எல்கையில், மணல் நிரப்பின தார் டிரம்முக்கு இந்தப் பக்கம். அவன் டிரம்மைப் பார்க்கவில்லை. குதிரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். 'அத்தான்!' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் தம்பி. போகிற நேரத்தில் மனுஷன் யாரைக் கூப்பிடுவான்? மனசுக்கு நெருங்கினவனைத்தானே? பக்கத்திலேயே கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றான். ரோட்டோரம் ஊரே நின்றது. அவன் கூப்பிட்டது என்னை.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், பெஞ்சில் உட்காருங்கள். பெஞ்சில் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சன்னலை மட்டும் சாத்திவிடுங்கள். வெயிலுக்காக இல்லை. சாயங்காலம் இந்தத் தெருவில் ஒரு சத்தம் வரும். அது வந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

புதுக்குதிரை வாங்கியிருக்கிறீர்கள். வருகிற கோயில் கொடைக்குப் பந்தயத்தில் விடப்போகிறீர்கள். எந்தக் கடிவாளம் போடலாம் என்று கயிற்றுக்கடைக்காரரிடம் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். யார், தேர்முட்டி டீக்கடையிலா? சிரித்துக்கொண்டே சொன்னார்களா? சொல்வார்கள். சிரிக்கட்டும். ஆனால் கடிவாளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்னைவிட யோசித்தவன் ஒருத்தன் கிடையாது. அந்தப் பேர் எனக்கு உண்டு.

நான் பயந்த மனிதன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கையான மனிதன். கடை நடத்தின காலத்தில் கிணற்றுக் கயிறு கேட்டு வருகிறவர்களுக்கு, அவர்கள் கேட்கிற தடிப்புக்கு ஒரு தடிப்புக் கூடத்தான் கொடுப்பேன். கை நோகிறது என்று திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள். ஆனால் கயிறு அறுந்துபோச்சு என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்டவன் பந்தயக் குதிரை வாங்கினதே மாசானத்துக்காகத்தான். மாசானம் என் வீட்டுக்காரி வடிவுக்கு ஒரே தம்பி. உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. வேலை விட்டதும் நேரே கடைக்கு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றுகொள்வான். "அத்தான், நீங்க குதிரைய மட்டும் வாங்கிப் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்பான். வடிவும் அவன் பக்கம். "வாங்கிக் குடுங்களேன். கடைய விட்டா உங்களுக்குத்தான் வேற என்ன தெரியும்?" என்பாள். வாங்கினேன். செவலை நிறத்துப் பெண் குதிரை. பெயரும் செவலை என்றே ஆகிவிட்டது.

உங்கள் ஊர்ப் பக்கம் எப்படியோ, இங்கே வண்டிகள் கோயில் முன்னால் புறப்படும். கிழக்கே போகிற சாலையில் எல்கை வரைக்கும் போய், நடுரோட்டில் வைத்திருக்கிற டிரம்மைச் சுற்றித் திரும்பி, மறுபடி கோயிலுக்கு வரவேண்டும். நேர்ரோட்டில் எந்தக் குதிரையும் ஓடும். பந்தயம் இருப்பது அந்த டிரம்மில்தான். நெருக்கிச் சுற்றினால் சக்கரம் டிரம்மில் ஏறும். அகலமாகச் சுற்றினால் பின்னால் வருகிறவன் உள்ளே புகுந்துவிடுவான். சுற்றாமலே போனால்? அதையும் நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் உட்கார்ந்துகொண்டே பார்த்திருக்கிறேன்.

அது எங்கள் முதல் பந்தயம். மாசானம் ஓட்டினான். பின்னால் துணைக்கு நான். டிரம் தெரிந்தது. டிரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாசானம் கடிவாள வாரை இழுக்கிறான், குதிரை கேட்கவில்லை. டிரம் எங்களுக்குப் பக்கத்தில் வந்தது, பிறகு பின்னால் போனது. முன்னால் ஜனங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் மோசம் தம்பி, சத்தம் மட்டும் வரும். பொம்பிளைகள் சத்தம், பனை ஓலை நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கண்ணைத் திறந்தால் குதிரை நிற்கிறது. வெள்ளரிக்காய் விற்கிற ஒரு அம்மாள் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காய் நிரப்பின அவளுடைய ஓலைக் கடவத்தின்மேல் எங்கள் சக்கரம் நிற்கிறது. கடவத்துக்கும் அவள் முட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது.

"ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள். மாசானம் சிரிக்கிறான்! இறங்கி, உருண்டு கிடந்த வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்துக் குதிரைக்கு ஊட்டுகிறான். "ஆத்தா, வெலையச் சொல்லு, மொத்தக் காயும் எங்க செவலைக்குத்தான்" என்கிறான். அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அத்தான், எறங்க மாட்டேங்கிய? வண்டி நின்னு எம்புட்டு நேரமாச்சு!"

எனக்குக் கால் வரவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் பந்தயத்துக்கு வண்டியில் ஏறவில்லை. கடையில் ஆள் இல்லை, அதனால். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்த முட்டி கண்ணுக்கு முன்னால் வரும். சேலை மூடின முட்டி. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அடுத்த பந்தயத்தில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? வண்டி என்னுடையது. குதிரை என்னுடையது.

மாசானத்திடம் கேட்டேன், குதிரை ஏன் திரும்பவில்லை என்று. "புதுசுல்லா அத்தான். டிரம்ம அது முன்னபின்ன பாத்ததில்ல. தருவையில விட்டுப் பழக்கினா தானே திரும்பும்" என்றான். தானே திரும்புமாம். நான் கேட்டது ஒரு கேள்வி, அவன் சொன்னது ஒரு பதில். மனுஷ உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் தானே நடக்கும் என்று விடலாமா?

அப்போது அதன் வாயில் இருந்தது மொட்டைக் கம்பி. வழவழவென்று, ஒரு முனை கிடையாது. அதனால்தான் குதிரைக்கு நம்மேல் மதிப்பு இல்லை என்று எனக்குப் பட்டது. நடுவில் மூட்டு வைத்த கம்பி வாங்கினேன். இழுத்தால் மடங்கி நாக்கைக் கவ்வும். அடுத்த பந்தயத்தில் செவலை திரும்பியது. ஆனால் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு திரும்பியது. பார்க்கவே பயமாக, அதாவது, பார்க்கச் சரியாக இல்லை. வாய் கெட்டிப்பட்டுவிட்டது, இது போதாது என்று புரிந்துகொண்டு முறுக்குக் கம்பி வாங்கினேன். கயிறு மாதிரி முறுக்கின இரும்பு. அதற்கு அடுத்த பந்தயத்தில் டிரம்மைக் கண்டதும் குதிரை குறுக்கே போக ஆரம்பித்தது. நண்டு மாதிரி. அதற்கு முன்னால் அப்படிப் போனதே இல்லை. பாருங்கள், எவ்வளவு பிடிவாதம்! நான் ஒரு படி ஏறினால் அதுவும் ஒரு படி ஏறும்.

அன்றைக்குத்தான் அந்த நுரைப் பேச்சு வந்தது. பந்தயம் முடிந்து குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுவந்தோம். நெஞ்செல்லாம் நுரை. நுரை கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

"அத்தான், இது ரத்தம்" என்றான் மாசானம்.

"குங்குமம்டே" என்றேன்.

புறப்படும்போது வடிவு குதிரை நெற்றியில் குங்குமம் அப்பிவிடுவாள். வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக ஓடி நுரையோடு சேர்ந்துகொள்ளும். எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான். அவன் விரலில் வழித்து மோந்து பார்த்தான். அப்புறம் என் மூக்குப் பக்கம் நீட்டினான். நான் எதற்கு மோந்து பார்க்கவேண்டும்? குங்குமம் என்றால் குங்குமம்தான். வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன், உன் தம்பி குங்குமத்தைப் பார்த்து ரத்தம் என்கிறான் என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சித்தி செத்த தீட்டுல்லா? இன்னைக்கு நான் பொட்டு வைக்கலயே" என்றாள்.

அப்படியானால் கூட்டத்தில் வேறு யாராவது வைத்திருப்பார்கள். பக்தி உள்ளவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்!

இருங்கள். ஒரு நிமிஷம்.

இல்லை. பக்கத்து வீட்டில் தேங்காய் உரிக்கிறார்கள். பாரைக்கம்பியில் குத்துகிற சத்தம். பரவாயில்லை.

அதற்குப் பிறகு மாசானம் என்னிடம் கேட்காமலே முறுக்குக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய மொட்டைக் கம்பியைப் போட்டு, தினமும் தருவைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தான். உப்பளத்துக்குத் தெற்கே தண்ணீர் வற்றினால் மைதானமாகக் கிடக்குமே, அந்தத் தருவை. என் கடையிலிருந்து ஒரு காலி டிரம்மையும் உருட்டிக்கொண்டு போயிருந்தான். ஒரு நாள் என்னதான் செய்கிறான் என்று பார்க்கப் போனேன்.

போனது தப்பு தம்பி. குதிரை நாலு கால் பாய்ச்சலில் வருகிறது. மாசானம் வாரை இழுக்கவே இல்லை. வார் இரண்டும் குதிரை முதுகில் தொய்ந்து கிடக்கின்றன. பின்னால் அவன் பெண்டாட்டி முப்பிடாதி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருகிறாள். டிரம் பக்கத்தில் வந்ததும் அவன் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கை அண்ணத்தில் வைத்து 'ட்ளக், ட்ளக்' என்று ஒரு சத்தம் கொடுத்தான். குதிரை டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது.

"பாத்தியளா அத்தான்! பம்பரம் மாதிரி சுத்துது!"

நான் பார்த்தது வேறு. வார் தொங்குகிறது. ஒரு மிருகத்துக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருக்கிறதே ஒரே ஒரு பிடி, அது தொங்குகிறது. காலித் தருவையில் எந்தக் குதிரையும் சுற்றும். அங்கே என்ன வெள்ளரிக்காய்க்காரியா உட்கார்ந்திருக்கிறாள்?

"ஒரு தடவ நீங்க பிடிச்சுப் பாருங்களேன்" என்று வாரை என் கையில் கொடுத்தான். வாங்கினேன். வாங்கினதுதான், குதிரை தலையை உதறிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தது. வண்டி பின்னால் போகிறது, நான் இழுக்கிறேன், அது இன்னும் பின்னால் போகிறது.

"இழுக்காதிய! சும்மா வச்சிருங்க. கோழிக்குஞ்சக் கையில வச்சிருக்க மாதிரி வச்சிருங்க!"

கோழிக்குஞ்சாம். வார் அழுத்தி உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. அந்தக் குதிரைக்கு என்னைப் பிடிக்காது. சில மிருகங்களுக்குச் சிலபேரைப் பிடிக்காது, அதற்குக் காரணம் சொல்ல முடியாது. மாசானம் வாரை வாங்கிக்கொண்டு, "அத்தான், கடிவாளம் செவலைக்கு இல்ல, உங்களுக்குத்தான் போடணும்" என்றான். முப்பிடாதி வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சினன் கேலி பண்ணுவது முறைதானே.

ஆனால் அந்தத் தொங்குகிற வார் என்னை விடவில்லை. கடையில் கயிறு அளந்துகொண்டிருப்பேன், கயிறு தொய்ந்தால் வெடுக்கென்று இழுத்துப் பிடிப்பேன். கொடை நெருங்க நெருங்க, ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போனால்கூட எழுந்து நிற்பேன். அப்போதுதான் மேற்கே ஒரு சந்தைக்குப் போயிருந்தபோது இதைப் பார்த்தேன். உங்கள் பக்கத்தில் இருக்கிறதே, இதுதான்.

எடுத்துப் பாருங்கள். வெளியே பார்த்தால் மொட்டைக் கடிவாளம் மாதிரியே இருக்கிறதல்லவா? இரண்டு பக்கமும் வளையம், நடுவில் கம்பி. இப்போது வளையத்தின் உள்பக்கம் தடவுங்கள். மெதுவாக. கன்னத்தில் ஒட்டுகிற இடத்தில் நெருஞ்சி மாதிரி சின்னச் சின்ன முள். பூட்டிவிட்டால் வெளியே தெரியாது. இழுக்காத வரைக்கும் ஒன்றும் செய்யாது. இழுத்தால்தான் வேலை செய்யும். அதுதான் இதில் நல்லது. குதிரை கேட்டு நடந்தால் இப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. விற்றவன் ஒரு தரம் யோசித்துவிட்டு, "சாரட் வண்டிக்காரங்ககூட இப்பம் இதப் போடுறதில்ல அண்ணாச்சி" என்றான். அவனுக்கென்ன, அவன் வண்டியா கூட்டத்துக்குள் போகப்போகிறது?

மாசானத்திடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தான். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. "இது வேண்டாம் அத்தான்" என்று துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். சரி, பெண்டாட்டி சொன்னால் கேட்பான் என்று முப்பிடாதியிடம் போனேன். புருஷன் உயிருக்குப் பாதுகாப்பு, நீ எடுத்துச் சொல்லம்மா என்றேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்கிறாள்: "அண்ணாச்சி, நீங்க வாயில ஒரு முள்ள வச்சிக்கிட்டு ஒரு நா யாவாரம் பண்ணிப் பாருங்க. அப்புறம் சொல்லுதேன்." அவ்வளவு வாய் அப்போது அவளுக்கு.

கொடை வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பந்தயத்தன்றைக்குக் குதிரைக்குக் கடிவாளத்தை உடையவன்தான் தன் கையால் பூட்டவேண்டும். சாரதி தொடக்கூடாது. கடிவாளத்தைக் கழுவித் தட்டில் வைத்து, சூடம் காட்டி, தோளில் கிடக்கிற துண்டால் குதிரை முகத்தை மூடிக்கொண்டு பூட்டுவான். சாரதி அதுவரைக்கும் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பான். மாசானம் மொட்டைக் கம்பியைத் தேய்த்துப் பளபளவென்று தட்டில் வைத்திருந்தான். நான் சூடம் காட்டினேன். துண்டால் மூடினேன். வேட்டி மடிப்பிலிருந்து இதை எடுத்துப் பூட்டினேன். மொட்டைக் கம்பி மடிப்புக்குப் போய்விட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? திருட்டா இது? என் குதிரை, என் கடிவாளம், வழக்கப்படி என் கை. அவனிடம் சொல்லவில்லை, உண்மைதான். சொன்னால் பந்தய நேரத்தில் மனசு கலங்கும். ஓட்டுகிறவன் மனசு தெளிவாக இருக்கவேண்டும். நானாவது நிம்மதியாக இருக்கிறேனே என்று, எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு இட்லி இறங்கியது.

தெரிந்த ஒருத்தனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு முன்கூட்டியே எல்கைக்குப் போனேன். டிரம் பக்கத்திலேயே நின்றேன். கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கொடிக்காரனிடம் சொன்னேன், ஜனங்களைத் தள்ளி நிற்கச் சொல்லப்பா என்று. "நீரு மொதல்ல தள்ளி நில்லும்வே" என்றான். அந்த ஆள் குடிப்பான்.

தூரத்தில் தூசி. முதல் வண்டி வந்து சுற்றிப் போனது. இரண்டாவது செவலை. தலையை நீட்டிக்கொண்டு, காதை முன்னால் வைத்துக்கொண்டு வருகிறது. மாசானம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

வார் தொங்குகிறது.

தம்பி, வார் தொங்குகிறது. இரண்டும். குதிரை முதுகில் கயிற்றுத் துண்டு மாதிரி கிடக்கிறது. பிற்பாடு வழியில் நின்றவர்கள் சொன்னார்கள்: கோயில் வாசலில் புறப்படும்போது ஒரு தடவை வாரைப் பிடித்தானாம், குதிரை தீயை மிதித்த மாதிரி உதறியதாம். அப்போது விட்டவன்தானாம், வழி நெடுக வாரைத் தொடவே இல்லையாம். ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அவ்வளவு நல்ல கடிவாளம் வாயில் இருக்கும்போது ஏன் விடவேண்டும்?

அந்த முட்டி தெரிந்தது. எனக்குப் பின்னால் இருக்கிற எல்லாருடைய முட்டியும் தெரிந்தது. அவன் ஒரு பக்கம் சாய்கிறான், நாக்கால் 'ட்ளக்' என்கிறான். குதிரை திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று கொடிக்காரன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான். கழுத்து திரும்பிவிட்டதாம், முன்னங்கால் மாறிவிட்டதாம். குடிக்கிறவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது? நான் பார்த்தது தொங்குகிற வாரை. யாராவது பிடிக்கவேண்டும். ஒருத்தனும் பிடிக்கவில்லை. நான் பாய்ந்தேன். வாழ்க்கையிலேயே அப்படி நான் பாய்ந்ததில்லை. கடிவாள வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, என் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினேன்.

அப்போதுதான் அவன் பார்த்தான். அத்தான் என்று கூப்பிட்டான்.

செவலை பின்னங்காலில் எழுந்து நின்றது. அவ்வளவு உயரத்தில் குதிரை முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வண்டி சாய்ந்தது. மணல் நிரப்பின டிரம் தம்பி, நகராது. அவன் தலை டிரம் விளிம்பில் பட்டது.

கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம். நான் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் நினைப்பதில்லை. டீக்கடையில் சிரிக்கிறவன் அன்றைக்கு எனக்குப் பின்னால்தான் நின்றான்.

என் கை இரண்டிலும் நுரை. சிவப்பு. அன்றைக்கு வடிவு பொட்டு வைத்திருந்தாள், நானே பார்த்தேன். ஆகவே அது குங்குமம்தான். மாட்டு டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நாக்கில் பழைய வெட்டுகூட இருக்கிறதே என்றார். குதிரை நாக்கைக் கடித்துக்கொள்ளும். தீனி தின்னும்போது கடித்துக்கொள்ளும்.

வடிவு அழுது முடித்து, எல்லாரும் போன பிறகு, தானே போய்க் குதிரை தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றினாள். குழாயடியில் வைத்துக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். கழுவும்போது விரலில் குத்தியிருக்கவேண்டும். வந்து என் முன்னால் நின்று, "இத யாரு மாத்துனா?" என்றாள்.

"நான்தான். அவன் பாதுகாப்புக்கு" என்றேன்.

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுமைசாலி. இன்னொருத்தி என்றால் தம்பி போன துக்கத்தில் என்னவெல்லாமோ பேசியிருப்பாள். ஒரு ஆணியை எடுத்துவந்து அந்தச் சுவரில் அடித்து, அதில் இதை மாட்டினாள். அதோ, நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே. தம்பி ஞாபகமாக. நான் ஒரு தடவை சொன்னேன், இதைப் பார்த்துப் பார்த்து உனக்கு மனசு கஷ்டப்படுமே, எடுத்துவிடலாமா என்று. சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்" என்றாள். அவள் சாகிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பாள். துரு ஒரு பொட்டு கிடையாது, பார்த்தீர்களா? அவ்வளவு பாசம் தம்பிமேல்.

குதிரையை முப்பிடாதி கொண்டுபோய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் வந்து, தொழுவத்துக்குள் போய், கயிற்றை அவிழ்த்து நடத்திக்கொண்டு போனாள். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எனக்கு எதற்குக் குதிரை? அவளும் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. புருஷனை இழந்த துக்கத்தில் சிலருக்கு வாய் கட்டிவிடும். மற்றவர்களிடம் பேசுகிறாளாம். தினமும் சாயங்காலம் குளத்துக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுபோவாள். குளத்துக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. அவள் இந்தத் தெரு வழியாகத்தான் போவாள்.

வடிவு போன பிறகு இதைக் கழற்றலாம் என்று நினைப்பேன். ஆணி வரைக்கும் கை போகும், அதற்குள் வேறு வேலை வந்துவிடும். நேற்று நீங்கள் வருவதாக ஆள் வந்து சொன்னதும், பக்கத்து வீட்டுப் பையனை விட்டுக் கழற்றச் சொன்னேன். விலை எதுவும் வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குதிரை எந்த மாதிரி இருந்தாலும் சரி, இது நிறுத்தும். மொட்டைக் கம்பி வேண்டாம். கோழிக்குஞ்சு மாதிரி பிடிக்கச் சொல்கிற பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் சின்ன வயசு. கல்யாணம் ஆகிவிட்டதா? பிறகென்ன. எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இருங்கள்.

கேட்கிறதா?

இது தேங்காய் இல்லை. குளம்பு. பால்காரர் வீட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறது. சன்னலைத் திறக்காதீர்கள். தம்பி, திறக்காதீர்கள் என்றேனே.

சரி, திறந்துவிட்டீர்கள். நான் இங்கேயே இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் எட்டிப் பார்த்ததில்லை. நீங்களே சொல்லுங்கள். என்ன செய்கிறது? முரண்டு பிடிக்கிறதா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, பிள்ளைகள் யாராவது? ஒதுங்கச் சொல்லுங்கள். ஒதுங்கச் சொல்லுங்கள் தம்பி.

சும்மா வருகிறதா? அவளுக்குப் பின்னாலேயே?

எதில் பிடித்திருக்கிறாள்? சங்கிலியா? கழுத்தில் ஒரு சேலைக் கிழிசலா. அதையும் கையில் பிடிக்கவில்லையா? தோளில் போட்டிருக்கிறாளா.

வாயில் என்ன இருக்கிறது?

நன்றாகப் பாருங்கள். ஒன்றும் இல்லையா?

வயசாகிவிட்டது அதற்கு. அதுதான்.

ட்ளக் என்று ஒரு சத்தம் கேட்டதே, அவளா? சரி. முக்குத் திரும்பிவிட்டார்களா? போய்விட்டார்களா?

எழுந்துவிட்டீர்களே. காப்பி போட்டுத் தருகிறேன். இல்லையா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? சரி, போய்வாருங்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சிலேயே வைத்துவிட்டீர்கள். தம்பி, இது உங்களுக்குத்தான். பேப்பரில் சுற்றித் தரட்டுமா? தம்பி!

அந்த ஆணியைப் பிடுங்கவில்லை. அது சுவரில்தான் இருக்கிறது.